பழைய மரத்தில் புது சாமான்: தச்சரிடம் கேளுங்கள்

கே: அண்ணே, வீடு இடித்ததில் தேக்குக் கதவு மிஞ்சியிருக்கு. சாப்பாட்டு மேசை ஆகுமா?
ஆகும். முதலில் காந்தத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். உள்ளே முறிந்து கிடக்கும் ஆணி, மரம் சீவும் இழைப்புளியின் அலகைப் பல்லாக்கிவிடும். சட்டமும் நடுப்பலகையும் ஒரே மட்டத்தில் இருக்காது, தட்டு சாயும். மேலே கண்ணாடி போடுங்கள், இல்லையென்றால் கதவைப் பிரியுங்கள். பழைய கதவில் மூலைக்கு மூலை மர ஆணி இருக்கும். அதைத் தட்டி எடுத்தாலே மூட்டு கழன்றுவிடும். சட்டத்தில் நேராகச் சுத்தியல் படக்கூடாது, கட்டை வைத்துத் தட்டுங்கள். திரும்பப் பூட்டும்போது நடுப்பலகைக்குப் பசை போடவே வேண்டாம். மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும்; ஒட்டிவிட்டால் பிளக்கும். மேசை உயரம் 30 அங்குலம்.

கே: பழைய பெயிண்டை மிஷினில் தேய்க்கலாமா?
கூடாது. பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு 2017 நவம்பரில்தான் வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் நிறையவே இருக்கலாம். தண்ணீர் தொட்டு, வாசலில் வைத்து, முகமூடி போட்டுத் தேயுங்கள். குழந்தைகள் கிட்டே வரக்கூடாது.

கே: சரக்கு அடுக்கி அனுப்பும் பேலட் கட்டை?
ஹெச்.டி. (HT) முத்திரை என்றால் சூடேற்றியது, எடுக்கலாம். எம்.பி. (MB) என்றால் மீதைல் புரோமைடு புகை போட்டது, வேண்டாம். ஆணிதான் நிறைய. காந்தம்!

கே: கட்டிலில் மாவு கொட்டுது.
வண்டு. அடியில் கறுப்புக் காகிதம் விரியுங்கள். புது மாவு விழுந்தால் உள்ளே உயிரோடு இருக்கிறது. தேக்கில் வெளிறிய ஓரத்தைத்தான் தின்னும், நடுவில் உள்ள வைரத்தைத் தொடாது. ஓரத்தைச் செதுக்கி எறியுங்கள்.

கே: என் கட்டிலிலும் மாவு...
மேலே சொன்ன பதிலைப் படியுங்கள் தம்பி.

கே: நிலைக்கட்டையில் பெஞ்சு செய்தால் மாமியார் உட்கார மாட்டேங்கிறார்.
காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய வாசல் நிலையை விலை பேசி வாங்குகிறார்கள். கண்ணாடிச் சட்டமாகிறது, மேசையாகிறது.

கே: அதெப்படி ஐயா? மஞ்சள் குங்குமம் வைத்த நிலைக்கட்டையில் உட்காருவதா?
மேல்கட்டையிலும் பக்கக் கட்டையிலும் யாரும் உட்காரவில்லையே. கீழ்ப்படியைத் தினமும் தாண்டித்தானே போனோம்?

கே: தாண்டுவது வேறு, உட்காருவது வேறு! மிதிக்கக்கூட விடமாட்டார்கள்.
அது சரிதான், ஒத்துக்கொள்கிறேன். அப்போ பூஜை அலமாரி செய்யுங்கள், மாமியாரும் சந்தோஷம். நிலைப் பேச்சு இத்தோடு போதும். ஆணி மட்டும் பாருங்கள்.

கே: தண்ணீரில் உப்பிய பார்ட்டிகிள் போர்டு அலமாரி?
குப்பை.

கே: மேசைக்கு எடுத்த தையல் மிஷின் கால் உடைஞ்சிருக்கு, வெல்டிங் வைக்கலாமா?
வார்ப்பிரும்பு அது. சாதாரண வெல்டிங்குக்கு விரிசல் விடும். இருபுறமும் இரும்புப் பட்டை வைத்து போல்ட் முடுக்குங்கள். குறுக்குச் சட்டத்தைக் கழற்றாதீர்கள், மேசை ஆடும்.