இறால் செத்தது, மீன் பிழைத்தது: கரப்பான் ஸ்ப்ரே பட்ட உப்புநீர்த் தொட்டியை மீட்பது எப்படி?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். 3 × 1½ × 1½ அடி உப்புநீர்த் தொட்டி, கீழே கேபினட்டில் சம்ப் (தொட்டித் தண்ணீர் இறங்கி, வடிகட்டப்பட்டு மேலேறும் துணைத் தொட்டி). இரண்டு நாளுக்கு முன் அம்மா கேபினட்டுக்குள் கரப்பான் ஸ்ப்ரே அடித்துவிட்டார். மறுநாள் காலையில் கிளீனர் இறால் இரண்டும் செத்துக் கிடந்தன. ஐந்து ஹெர்மிட் நண்டில் ஒன்றுதான் மிச்சம். இரண்டு க்ளவுன் மீனும் டேம்செலும் சாப்பிடுகின்றன. ஆனால் ஒரு க்ளவுன் வேகமாக மூச்சு வாங்குகிறது. பவள வகைகளான ஸோவாந்தஸும் மஷ்ரூமும் சுருங்கியே இருக்கின்றன. பாதித் தண்ணீரை மாற்றிவிட்டேன். தொட்டியை முழுசாகக் காலி செய்து சோப்பு போட்டுக் கழுவிவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா? சில்வர் பீச்சிலிருந்து கடல் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். உங்கள் மீன்கள் இன்னும் தீனி எடுக்கின்றன என்பதே பெரிய சேதி. தொட்டி மீளும். ஆனால் இறால் வாங்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் பொறுக்க வேண்டியிருக்கும்.

ஸ்ப்ரே டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் பாருங்கள். சைபர்மெத்ரின், இமிப்ரோத்ரின், டெல்டாமெத்ரின் என்று 'த்ரின்' என முடியும் பெயர் இருந்தால் அது பைரெத்ராய்டு வகை. பூச்சியின் நரம்பில் சோடியம் போகும் வாசலை மூடவிடாமல் செய்து, வலிப்பு வந்து சாகடிக்கும் மருந்து. இறாலும் நண்டும் கரப்பானுக்கு நெருங்கிய உறவு. அதே நரம்பு, அதே சாவு. மீனுக்கும் இது கொடிய விஷம்தான், ஏனென்றால் மனிதனின் ஈரல் உடைத்துத் தள்ளும் வேகத்தில் மீனால் இதை உடைக்க முடியாது. அப்படியிருந்தும் மீன் பிழைத்திருக்கிறது என்றால் உள்ளே போன அளவு சொற்பம் என்று ஊகிக்கலாம். போன வழி அநேகமாக ஏர் பம்ப்பும், நுரை எழுப்பிக் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மரும். இரண்டுமே கேபினட்டுக்குள் இருக்கும் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் ஊதுகின்றன.

இந்த மருந்து தண்ணீரில் கரைய மறுக்கிற ஜாதி. எண்ணெய்ப் பசை மாதிரி எதிலாவது ஒட்டிக்கொள்ளத்தான் பார்க்கும்: மணல், மணலில் தங்கிய கழிவு, பஞ்சு, ரப்பர் ட்யூப். நீங்கள் பாதித் தண்ணீரை மாற்றியதால் தண்ணீரில் இருந்தது பாதியாகியிருக்கும். ஒட்டிக்கொண்டது அப்படியே இருக்கிறது, மெதுவாகத் திரும்பக் கசியும். தண்ணீரை மட்டும் மாற்றிக்கொண்டே போனாலும் கணக்கு மெதுவாகத்தான் இறங்கும். 30 சதவீதம் வீதம் நான்கு முறை மாற்றினாலும் பழைய தண்ணீரில் 24 சதவீதம் மிச்சமிருக்கும். அதனால் மீட்பு வேலையில் பெரும்பங்கு கார்பனுடையது.

ஆக்டிவேட்டட் கார்பன் இந்த வகை மருந்தை நன்றாகப் பிடிக்கும். உங்கள் தொட்டியின் மொத்தக் கொள்ளளவு சுமார் 190 லிட்டர். கல், மணல் அடைத்த இடத்தைக் கழித்து, சம்ப்பைக் கூட்டினால் ஏறக்குறைய 180 லிட்டர் தண்ணீர். சாதாரண நாளில் இதற்கு 80 முதல் 100 கிராம் கார்பன் போதும். இப்போது 250 கிராம் போடுங்கள். நைலான் வலைப்பையில் கட்டி, ஆர்.ஓ. தண்ணீரில் கறுப்புத் தூள் போகும்வரை அலசி, சம்ப்பில் தண்ணீர் பையின் ஊடே பாய்ந்தே தீர வேண்டிய தடுப்புக்கு நடுவில் வையுங்கள். மூலையில் சும்மா மிதக்கவிட்டால் தண்ணீர் பக்கத்தில் நழுவிப் போய்விடும். முதல் பையை 24 மணி நேரத்தில் தூக்கி எறியுங்கள். அடுத்த இரண்டு வாரம் மூன்று நாளுக்கு ஒரு முறை மாற்றுங்கள். காயவைத்துத் திரும்பப் போடும் சிக்கனம் இங்கே ஆகாது.

கார்பன் வாங்கும்போது ஒரு சோதனை. தண்ணீர் ஃபில்டர் கடையில் கிடைக்கும் தேங்காய்த் தொட்டிக் கார்பன் மலிவு, வேலையும் செய்யும். ஆனால் சில சரக்கு பாஸ்பேட்டை விடும், சாம்பல் காரம் மிகுந்தும் இருக்கும். ஒரு ஸ்பூனை ஒரு டம்ளர் ஆர்.ஓ. தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, காலையில் பாஸ்பேட்டும் பி.எச்.சும் பாருங்கள். இரண்டும் ஏறாமல் இருந்தால் போடலாம்.

கார்பன் ஓடத் தொடங்கினால் தண்ணீரின் மஞ்சள் சாயல் போய்க் கண்ணாடி மாதிரி ஆகும். பவளத்துக்கு வெளிச்சம் திடீரென்று கூடிவிடும். ஏற்கெனவே நொந்துபோனது வெளுத்தும் போகலாம். ஒரு வாரத்துக்கு விளக்கை நாளுக்கு 4, 5 மணி நேரம் மட்டும் எரியவிடுங்கள்.

கார்பன் ஒருபுறம் ஓடட்டும். இன்றே செய்ய வேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஏர் பம்ப்பைக் கேபினட்டை விட்டு வெளியே எடுத்து ஜன்னலோரம் வையுங்கள். ட்யூப்பும் ஏர் ஸ்டோனும் புதிதாக மாற்றுங்கள். ஐம்பது, நூறு ரூபாய்ச் சாமானுக்காக விஷத்தைத் தொடர்ந்து ஊதவிடக் கூடாது. ஃபில்டர் பஞ்சு, வடிகட்டும் சாக்ஸ் பை எல்லாம் குப்பைக்கு. கேபினட் பலகையை ஈரத்துணியால் இரண்டு மூன்று முறை துடைத்து, கதவைத் திறந்தே போடுங்கள். ஸ்கிம்மரின் காற்றுக்குழாயையும் நீளமாக்கி வெளியே விட்டபின், கோப்பையில் நீர்த்த நுரை வேகமாக நிறையும்படி வைத்து ஓட்டுங்கள். இந்த ஸ்ப்ரேக்கள் பலவற்றில் மண்ணெண்ணெய் வகை எண்ணெய் கலந்திருக்கும். தொட்டியின் மேற்பரப்பில் வானவில் மாதிரிப் படலம் தெரிந்தால் பவர்ஹெட்டை (தண்ணீரைச் சுழலவிடும் சிறு மோட்டார்) சில நிமிடம் நிறுத்தி, வாசனையில்லாத சமையலறைக் காகிதத்தைத் தண்ணீர்மேல் விரித்து எடுங்கள். படலம் காகிதத்தோடு வந்துவிடும்.

வேகமாக மூச்சு வாங்கும் க்ளவுனுக்கு நரம்பு பாதிப்பும் காரணமாக இருக்கலாம், ஆக்சிஜன் குறைவும் காரணமாக இருக்கலாம். கடல்நீர் 25 டிகிரியில் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் ஆக்சிஜன் வரை தாங்கும், 30 டிகிரியில் 6.2 அளவுதான். கடலூர் வெயிலில் ஃபேன் இல்லாத தொட்டி 30ஐச் சுலபமாகத் தாண்டும். பவர்ஹெட்டை மேல்நோக்கித் திருப்பித் தண்ணீரின் தோலை நன்றாகக் கலைக்கவிடுங்கள். மீன் பக்கவாட்டில் சாய்ந்தோ சுழன்றோ நீந்தினால் மட்டும் புதிதாகக் கலந்த உப்புநீர் உள்ள 40 லிட்டர் டப்புக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் இருக்கும் இடமே நல்லது. துரத்திப் பிடிப்பதே ஒரு தண்டனை.

அடுத்த ஆபத்து ஸ்ப்ரேயில் இல்லை, அமோனியாவில் இருக்கிறது. நீங்கள் பார்த்த பிணங்கள் ஆறு. லைவ் ராக்கின், அதாவது உயிர்கள் குடியிருக்கும் கடற்கல்லின், பொந்துகளில் நூற்றுக்கணக்கில் குட்டிக் கணுக்காலிகள் வாழும். அவையும் செத்து அழுகத் தொடங்கியிருக்கும். நைட்ரஜனைக் கையாளும் பாக்டீரியாவை இந்த மருந்து பெரிதாகத் தொடாது. தொட்டியைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டாம் என்பதற்கு முதல் காரணம் இதுதான். இப்போது உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதே அந்தப் பாக்டீரியா. கல்லை வேகவைக்கவும் வேண்டாம். ஸோவாந்தஸ் இனத்தில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கொதிக்கும் நீராவியோடு அது மூச்சில் போனால் ஆஸ்பத்திரிதான். தொட்டியில் கை விடும்போதும் கையுறை போடுங்கள். தண்ணீரை வாயால் உறிஞ்சி இறக்காதீர்கள்.

பத்து நாள் தினமும் அமோனியா, நைட்ரைட் பாருங்கள். கடல் தொட்டியின் பி.எச். 8.2 அளவில் இருப்பதால் அதே அமோனியா நன்னீர்த் தொட்டியைவிட இங்கே பல மடங்கு கடுமை. லிட்டருக்கு 0.25 மில்லிகிராம் தெரிந்தாலே 30 சதவீதம், அதாவது சுமார் 55 லிட்டர் மாற்றுங்கள். இரண்டு நாள் தீனி வேண்டாம், பிறகு பாதி அளவு. செத்த நண்டைத் தேடி எடுக்கும்போது உரித்த சட்டையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சட்டை உள்ளே காலியாக, ஒளி ஊடுருவும்படி இருக்கும்; பிணம் கனமாக, நாறும். கவிழ்ந்து கிடக்கும் நத்தை இருந்தால் உடனே எறியாதீர்கள். பைரெத்ராய்டை நத்தை ஓரளவு தாங்கும். முகர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

இனித் தண்ணீர். சில்வர் பீச் இருக்கும் தேவனாம்பட்டினம் கரையில் எடுப்பது ஏன் வேண்டாம் என்றால், கெடிலம் கலக்கும் இடம் பக்கத்திலேயே இருக்கிறது, வடக்கே தென்பெண்ணை. ஊர்ச் சாக்கடை, வயல் மருந்து எல்லாம் ஆறு வழியாக அங்கேதான் வரும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்தால் உப்பும் படுத்துவிடும். பூச்சிமருந்தால் நொந்த தொட்டிக்கு இன்னொரு பூச்சிமருந்துத் தண்ணீரா? கடல் தொட்டிக்கென்று விற்கும் உப்பு மாவு வாங்கிக் கலப்பதே சரி. லிட்டருக்கு சுமார் 38 கிராம். 55 லிட்டருக்கு 2.1 கிலோ. பவர்ஹெட் போட்டு ஓர் இரவு சுழலவிட்டு, உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 பார்த்து, தொட்டியின் வெப்பத்தோடு ஒரு டிகிரிக்குள் ஒத்துவந்தபின் ஊற்றுங்கள்.

கலக்க என்ன தண்ணீர்? போர் தண்ணீரும் நகராட்சித் தண்ணீரும் வேண்டாம். வீட்டு ஆர்.ஓ. மெஷினில் இப்போது 'காப்பர்' வசதி ஒரு மோஸ்தர். குடிப்பவருக்கு எப்படியோ, இறாலுக்கும் பவளத்துக்கும் செம்பு நேர் விஷம். செப்புக் குடத்தில் பிடித்து வைத்த தண்ணீரும் அதே கதை. சாதாரண ஆர்.ஓ., அதுவும் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 20க்குக் கீழே என்றால் நல்லது. அவசரத்துக்கு 20 லிட்டர் கேன் தண்ணீர் பரவாயில்லை. மீட்டர் வைத்துப் பார்த்து, குறைவாகக் காட்டும் கேனை எடுத்துக்கொள்ளுங்கள்.

மணலை ஒரே நாளில் கிளறினால் ஒட்டியிருப்பதெல்லாம் மீண்டும் தண்ணீருக்கு வரும். வாரம் ஒரு கால்பங்கு பரப்பில் மேல் 1 சென்டிமீட்டரை சைஃபன் குழாயால் உறிஞ்சி வெளியேற்றுங்கள். அன்றைக்கே தண்ணீர் மாற்றம், அன்றைக்கே புதுக் கார்பன். நான்கு வாரத்தில் சுற்று முடியும்.

தொட்டி சுத்தமாகிவிட்டதா என்று சொல்ல நம் கையில் டெஸ்ட் கிட் கிடையாது. ஆர்ட்டீமியா என்ற பொடி உப்புநீர்ப் பிராணியின் முட்டைதான் கிட். அரை ஸ்பூனை வேறு அறையில், வேறு ஏர் பம்ப் வைத்து, புது உப்புநீரில் 27, 28 டிகிரியில் பொரிக்கவிடுங்கள். ஒரு நாளில் பொரியும். ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீர், இன்னொன்றில் புது உப்புநீர், ஒவ்வொன்றிலும் 20 குஞ்சு. 24 மணி நேரம் கழித்து எண்ணுங்கள். புதுத் தண்ணீரில் 18, 19 நீந்தி, தொட்டித் தண்ணீரில் 10 அடியில் கிடந்து துடித்தால் விடை கிடைத்தாயிற்று. இரண்டும் சமம் என்றால் ஒரு வாரம் விட்டு மறுபடி செய்யுங்கள். ஆர்ட்டீமியா இறாலைவிடக் கெட்டி உயிர் என்பதால் ஒரு முறை தேறியதை நம்பக் கூடாது. இரண்டு முறை தேறினால் விலை குறைந்த இறால் ஒன்றே ஒன்று விட்டுப் பத்து நாள் பாருங்கள். அது ஒரு முறை சட்டை உரித்துப் பிழைத்தால் கிளீனர் இறால் வாங்கலாம். உரிக்கும் நேரத்தில்தான் மிச்சமீதி விஷம் தன் கைவரிசையைக் காட்டும்.

கல்லில் செத்த குட்டி உயிர்களை ஈடுகட்ட ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து 'நல்ல லைவ் ராக்' வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். கல்பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. உயிரில்லாத பவளக்கல்லை வைத்திருந்தாலும் வழக்குதான். நண்பரின் ஆரோக்கியமான தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி மணல் போதும்.

கரப்பானுக்கு இனி ஸ்ப்ரே கூடாது, ஊசிக்குழலில் வரும் ஜெல் போதும். கடுகளவு வீதம் சமையலறைக் கீல்களில், தொட்டிக் கேபினட்டை விட்டுத் தள்ளி. மழைக்காலத்தில் தெருவில் கொசுவுக்குப் புகை அடிக்கும் வண்டியின் சத்தம் கேட்டால் ஏர் பம்ப்பையும் ஸ்கிம்மரையும் நிறுத்தி, பவர்ஹெட் மட்டும் ஓட, தொட்டியையும் சம்ப்பையும் பிளாஸ்டிக் தாளால் மூடிவையுங்கள். புகை அடங்கி அறையில் காற்றோட்டம் வந்தபின், ஒன்றரை மணி நேரத்துக்குள், திறந்துவிடலாம்.