வேலிக் கால்களை அறுத்துப் பார்த்து வாங்குங்கள்

கோத்தகிரியில் வீடு கட்டியுள்ள வாசகர் ஒருவர், வேலிக்கும் வாசல் பந்தலுக்கும் நட்ட கற்பூர மர (யூகலிப்டஸ்) கால்கள் மூன்றே ஆண்டுகளில் மண்மட்டத்தில் உளுத்து முறிந்துவிட்டன என்றும், உளுக்காமலிருக்க மருந்தேற்றி 'டிரீட்மெண்ட்' செய்த சதுரக் கால்களைத் தரகர் ஒருவர் கூடுதல் விலைக்குத் தருவதாகச் சொல்கிறார், வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

மருந்து உண்மையிலேயே உள்ளே இறங்கியிருந்தால் தாராளமாக வாங்கலாம். மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். இரண்டும் ஒருங்கே கிடைக்கும் இடம் மண்மட்டம் என்பதால்தான் உங்கள் கால்கள் அங்கே முறிந்தன. 1933-இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் சொந்தி காமேசன் உருவாக்கிய செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலவை, மரத்தோடு பிணைந்துகொண்டு, மழையில் எளிதில் கரையாமல் பூஞ்சையையும் கரையானையும் தடுக்கிறது. ஆனால் நன்கு உலர்ந்த கட்டையை இரும்புக் கலனில் அடைத்து, காற்றை உறிஞ்சியபின் அழுத்தம் கொடுத்துத்தான் அதை உள்ளே ஏற்ற முடியும். ஈரக் கட்டையை ஓரிரவு தொட்டியில் ஊறவைத்தால் பச்சை நிறம் மேலே ஒட்டும், அவ்வளவுதான்.

கற்பூர மரத்தின் சேகில், அதாவது நடுவிலுள்ள கெட்டியான பகுதியில், மருந்து ஏறுவதில்லை. அதைச் சுற்றியுள்ள வெள்ளை மரமே குடிக்கும். சதுரமாக அறுக்கும்போது அந்த வெள்ளை மரம்தான் சீவப்பட்டுப் போகிறது. ஆகவே உருண்டைக் கால்களாகவே கேளுங்கள். ஒன்றை உங்கள் கண்ணெதிரே நடுவில் அறுக்கச் சொல்லுங்கள். சேகைச் சுற்றியுள்ள வெள்ளைப் பகுதி முழுவதும் பச்சை வளையமாகத் தெரிய வேண்டும். ஓரத்தில் பென்சில் கோடுபோல் மட்டும் தெரிந்தால் அது தோய்த்தெடுத்த கட்டை. அறுக்கத் தயங்குபவரிடம் வாங்கவே வேண்டாம். இம்மலையில் மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி கேட்டு அலைகிறோம், மருந்தேற்றத்துக்கு ஐ.எஸ். 401 என்ற இந்தியத் தரமும் இருக்கிறது. ஆனால் கடையில் விற்கும் கட்டையை அறுத்துப் பார்க்க ஓர் அதிகாரியும் வந்து நான் கண்டதில்லை.

நடும்போது, மருந்தேற்றிய பிறகு அறுத்த முனை மண்ணுக்குள் போகக் கூடாது. அதை மேற்புறமாக வைத்து, அதன்மேல் மருந்து பூசிவிடுங்கள்.

இன்னொன்றைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. மிஞ்சிய துண்டுகள் வெந்நீர் அடுப்புக்கும் போகக் கூடாது, குளிர்காயும் கணப்புக்கும் போகக் கூடாது. புகையிலும் ஆர்சனிக் நஞ்சு இருக்கும், சாம்பலிலும் இருக்கும். அடுப்புச் சாம்பலைக் கேரட் பாத்தியில் தூவும் வழக்கம் இங்கே பல வீடுகளில் உண்டு. வேலைக்கு வரும் ஆட்கள் விறகுக்கென்று கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள். காரணத்தை அவர்களிடமும் விளக்கிச் சொல்லுங்கள்.