கேமுக்குக் கதை எழுதுவது: பாம்பனிலிருந்து சில பதில்கள்

ஏழு வருடமாகப் பாம்பனில் வீட்டிலிருந்தே கேம் கம்பெனிகளுக்குக் கதையும் வசனமும் எழுதுகிறேன். நம் கடற்கரைப் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்குப் பதில் இதோ.

அக்கா, தனுஷ்கோடி புயலை வைத்து நாற்பது பக்கம் எழுதியிருக்கிறேன். எந்தக் கம்பெனிக்கு அனுப்பலாம்? (மண்டபம்)

இப்போதைக்கு யாருக்கும் வேண்டாம் தம்பி. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் வந்தது, பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனது எல்லாம் நம் ஊரில் விளையாடுகிறவருக்கு முன்பே தெரியும், அதை அவரால் தடுக்கவும் முடியாது, அப்புறம் அவர் கைக்கு என்ன வேலை? இதற்குப் பதில் கிடைத்தால்தான் அது கேம் கதை. அன்று சாயங்காலம் ஒரு வள்ளக்காரர் கரையில் நிற்கிறார் என்று வையுங்கள். வள்ளத்தை மேட்டுக்கு இழுக்கலாம், இல்லையென்றால் குடிசையில் தனியாக இருக்கும் பாட்டியைக் கூப்பிடப் போகலாம். இரண்டுக்கும் நேரமில்லை. வள்ளத்தை இழுத்தவருக்கு விடிந்த பிறகு வள்ளம் இருக்கும், பாட்டியின் வீடு இருந்த இடத்தில் தண்ணீர் இருக்கும். நாற்பது பக்கத்திலிருந்து இப்படி ஒரு காட்சியை மட்டும் எடுத்து விளையாடும்படி செய்யுங்கள்.

எதில் செய்வது? எனக்கு கோடிங் தெரியாது. (தொண்டி)

ட்வைன் (Twine), தேர்ந்தெடுத்துப் போகும் கதைகளைச் செய்யும் மென்பொருள். இலவசம், பிரவுசரிலேயே ஓடும். அது பழகியதும் இங்க் (Ink) என்ற கதை எழுதும் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள், அதுவும் இலவசம்தான். விளையாடுகிறவர் தேர்ந்தெடுக்க நாம் கொடுக்கும் வழிக்கு முன்னால் அதில் நட்சத்திரக் குறி போட்டால், ஒரு தடவை தேர்ந்தெடுத்ததும் அது மறைந்துவிடும், கூட்டல் குறி போட்டால் திரும்பத் திரும்ப வரும். முதல் நாள் இவ்வளவு போதும்.

தங்கச்சி, என் மகன் பன்னிரண்டாவது முடித்துவிட்டு இந்த வேலைக்குத்தான் போவேன் என்கிறான். சோறு போடுமா? (தங்கச்சிமடம்)

போடும் அக்கா, ஆனால் உடனே போடாது. எழுத்துக்கு மட்டும் ஆள் எடுக்கும் கம்பெனிகள் குறைவு. நானே முதலில் மொழிபெயர்ப்பும், கேமில் பிழை தேடும் வேலையும் செய்துதான் உள்ளே வந்தேன். ஒரு டிகிரி படிக்கட்டும், கூடவே வருடத்துக்கு இரண்டு சின்ன கேம் முடிக்கட்டும். முடிக்காத பத்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.

தினமும் என்னதான் எழுதுவீர்கள்? (கீழக்கரை)

பெரும்பாலும் எக்செல் ஷீட்தான். யார் பேசுகிறார், எப்போது, என்ன கோபத்தில் என்று ஒவ்வொரு வரிக்கும் ஒரு கட்டம். ஒரு டீக்கடைக்காரரை விளையாடுகிறவர் ஐம்பது தடவை பார்ப்பார், ஐம்பது தடவையும் "வாங்க தம்பி" என்றால் ஆள் செத்துவிடுவார். அதனால் கேமில் வாடைக்காற்று அடிக்கும்போது "இன்னைக்கு வடகடல் ஆகாது, தென்கடலுக்குப் போ" என்பார், கச்சான் காற்று அடித்தால் வேறு பேச்சு. ஒவ்வொன்றும் ஐந்தாறு வார்த்தைக்குள் அடங்க வேண்டும். இந்தச் சின்ன வரிகளில்தான் எனக்கு உயிர், கதைச் சுருக்கம் எழுதும் நாளில் அவ்வளவு சந்தோஷம் வராது.

நம் ஊர்க் கதையை வெளியில் யார் விளையாடுவார்கள்? (ஏர்வாடி)

2023-ல் 'வெண்பா' என்ற கேம் வந்தது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம், அவர்கள் சமையலறை. சமையல் நோட்டு கிழிந்து அழிந்திருக்கும், எதற்கு அப்புறம் எது என்பதை விளையாடுகிறவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். கைவிட்டுப் போவதை வசனமாகச் சொல்லாமல் கையாலேயே உணர வைத்தார்கள். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா கேம் விருதுகளில் முதல் படைப்புக்கான விருதும் வாங்கியது. விரலில் துணி சுற்றிக்கொண்டு கடல்பாசி எடுக்க முங்குகிற நம் பெண்களின் மூச்சுக் கணக்கை யாராவது இப்படிச் செய்ய மாட்டார்களா என்று ஏங்குகிறேன். நீங்களே செய்யுங்கள்.

சோதனைக்கு என்று இருபது பக்கம் இலவசமாக எழுதச் சொல்கிறார்கள், எழுதலாமா? (ராமநாதபுரம்)

கூடாது. ஒரு கம்பெனிக்கு இப்படி எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று மாதம் காத்திருந்தேன், பதிலே வரவில்லை. ஒன்றிரண்டு பக்கம் சரி, அதற்கு மேல் கூலி பேசுங்கள்.

விசைப்படகில் போகிறேன் அக்கா. மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும்தான் நேரம். போதுமா? (பாம்பன்)

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், தாராளமாகப் போதும். பத்துக் காட்சி, மூன்று முடிவு, அதற்கு மேல் வேண்டாம். முடித்ததும் உங்கள் படகில் வரும் ஒருவரிடம் போனைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள். எங்கே விரல் தயங்குகிறது, எங்கே படிக்காமலே தட்டிவிட்டுப் போகிறார் என்று குறித்துக்கொண்டு, தட்டிவிட்டுப் போன இடத்தை முதலில் வெட்டுங்கள். அப்புறம் எனக்கு அனுப்புங்கள், விளையாடிப் பார்க்கிறேன்.