இறாலுக்கு மூன்று நிமிடம், சோற்றுக்கு அரை மணி

கேள்வி: நான் விசுவமடுவில் வசிக்கிறேன். கிளிநொச்சியில் வேலை முடிந்து வீடு வந்து சேர ஆறு மணியாகிவிடும். வழியில் முல்லைத்தீவுப் பக்கமிருந்து வரும் இறால் கிடைத்தால் வாங்கி வருவேன். அரிசி, இறால், தூள், தேங்காய்ப்பால் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிறஷர் குக்கரில் போட்டு மூன்று விசில் விட்டால் வேலை முடிந்தது என்று ஒருவர் சொன்னதை நம்பிச் செய்தேன். சோறு களியாகி, இறால் றப்பராகிவிட்டது. நான்கு பேருக்கு முக்கால் மணி நேரத்துக்குள் இதை ஒழுங்காகச் சமைப்பது எப்படி? சிவப்பரிசியிலும் செய்யலாமா? மற்றது, அன்று சாப்பிட்ட பிறகு என் ஐந்து வயது மகன் உதடு கடிக்கிறது என்றான். தூள் கூடிவிட்டதாலா?

பதில்: நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கே முதலில் பதில் கூற வேண்டியிருக்கிறது. தூள் கூடினால் பிள்ளைக்கு நாக்கு எரியும், கண்ணில் நீர் வரும். உதடு கடிப்பது, அதாவது அரிப்பது, அதிலிருந்து வேறுபட்டது. இறால், நண்டு ஆகியவற்றின் சதையில் இருக்கும் திரோபோமயோசின் என்னும் புரதம் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். அது வெப்பத்தைத் தாங்கக்கூடியது என்பதால் எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் அந்த இயல்பு போய்விடாது. முதல் முறை வெறும் கடியோடு நின்றது என்பதால் அடுத்த முறையும் அவ்வளவோடு நிற்கும் என்று எவராலும் உறுதி கூற முடியாது. ஆகவே வைத்தியரிடம் காட்டி விடயம் தெளிவாகும் வரை மகனுக்கு இறால் கொடுக்க வேண்டாம். கீழே நான் சொல்லப்போகும் இறால் ஓட்டுச்சாற்றில் அவிந்த சோற்றையும் கொடுக்க வேண்டாம். அவருக்கு வேறு சட்டியில் வெறுஞ்சோறும் பருப்பும் வைத்து, வேறு அகப்பையால் பரிமாறுங்கள். எப்போதாவது தற்செயலாக அவர் இறாலைச் சாப்பிட்டு, முகமோ உதடோ வீங்கினாலும், மூச்சு இழுத்தாலும், அடுக்கடுக்காக வாந்தி எடுத்தாலும், விடியட்டும் என்று பார்த்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

இனிச் சமையலுக்கு வருவோம். உங்கள் குக்கரில் நடந்தது இதுதான்: அரிசி அவிவதற்கு இருபது நிமிடத்துக்குக் குறையாமல் வேண்டும், இறாலுக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும், இரண்டையும் ஒரே மூடிக்குள் அடைத்தால் ஏதாவது ஒன்று கெட்டே தீரும். இறாலின் சதை 60 பாகை செல்சியசைச் சற்றுத் தாண்டும்போதே வெந்துவிடுகிறது. பிறஷர் குக்கருக்குள்ளே வெப்பம் 120 பாகை வரை ஏறும். அந்த வெப்பத்தில் சதையின் புரதம் இறுகி, தனக்குள் வைத்திருந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடுகிறது. அந்த நீர்தான் நீங்கள் அளந்து ஊற்றிய நீரோடு சேர்ந்து சோற்றைக் களியாக்கியது. ஆக இறால் றப்பரானதும் சோறு களியானதும் ஒரே பிழையின் இரண்டு பக்கங்கள். நீரைக் குறைத்தாலோ விசிலை இரண்டாக்கினாலோ இது சரிவராது. ஒரே சட்டியில் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்ற ஆசையை இறால் விடயத்தில் மட்டும் விட்டுவிடுவதே எனது ஆலோசனை.

அதற்குப் பதிலாக இறாலை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தலையும் ஓடும் சோற்றுக்கு, சதை தாச்சிக்கு. இறாலின் வாசமும் சுவையும் பெரும்பகுதி நாம் குப்பையில் எறியும் தலையிலும் ஓட்டிலும்தான் இருக்கின்றன. அவற்றைக் கொதிக்க வைத்த சாற்றில் அரிசியை அவியவிட்டால், இறாலோடு சேர்ந்தே அவிந்தது போன்ற சோறு கிடைக்கும். சதையோ கடைசி நேரத்தில் மூன்று நிமிடம் மட்டும் நெருப்பைக் கண்டு பதமாக இருக்கும். கூடுதல் வேலை போலத் தோன்றினாலும், ஓட்டுச்சாறு கொதிக்கும் பத்து நிமிடத்தில் நீங்கள் வெங்காயம் வெட்டத்தான் போகிறீர்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் போன்ற களப்புகளில் வளரும் இறால், கடலில் பிறந்து குஞ்சாகக் களப்புக்குள் வந்து, வளர்ந்த பின் மீண்டும் கடலுக்குப் போவது. மாரி மழைக்குக் களப்பின் முகத்துவாரம் வெட்டுப்படும் காலத்தில் அது அதிகம் பிடிபடுவதும் இதனால்தான். களப்பு இறாலின் குடலில் சேறு கூடுதலாக இருக்கும் என்பதால், சிறியதாக இருந்தாலும் முதுகைக் கீறிக் குடலை எடுக்காமல் விட வேண்டாம். கடல் இறால் பொதுவாகச் சற்று இனிப்பாக இருக்கும்; உப்பு மிகுந்த நீரைச் சமாளிக்க அதன் சதையில் கிளைசின் போன்ற அமினோ அமிலங்கள் கூடுதலாகச் சேர்வதே அதற்குக் காரணம். இவை நீரில் கரையும். வெட்டிய இறாலை நாலைந்து தண்ணீரில் அலசி, கோப்பையில் ஊறவும் விட்டுவிட்டுப் பிறகு உருசியில்லை என்று மனவருத்தப்படுபவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். ஓட்டோடு ஒரு முறை நன்றாகக் கழுவி, உரித்துக் குடல் எடுத்த பின் ஒரே ஓர் அலசல் அலசினால் போதும்.

தலை உடம்போடு இறுக்கமாக நிற்க வேண்டும். தொட்டவுடன் தலை ஆடினால் அது நேற்றைய இறால். தலைக்குள் இருக்கும் செரிமான நொதியங்கள் நேரம் போகப்போகச் சதைக்குள் கசிந்து அதைக் கூழாக்கிவிடும் என்பதால், வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை தலையைக் கிள்ளுவதுதான். ஓட்டில் கறுப்புப் புள்ளி விழுந்திருந்தால் அது பூஞ்சணம் அல்ல. காற்றுப் பட்டு ஏற்படும் நிறமாற்றம், வெட்டிய கத்தரிக்காய் கறுப்பது போன்றது. அது தனியே நஞ்சு அல்ல என்றாலும், பிடித்து நேரமாகிவிட்டது என்பதை உங்களுக்குச் சொல்லிவிடுகிறது. அமோனியா போல மூக்கில் ஏறும் மணம் இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்க வேண்டாம். பெட்டியில் ஐஸ் இல்லாமல் வெயிலில் நின்ற வியாபாரியிடமும் அப்படியே. நீங்கள் வீடு வர இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது என்றால் ஒரு பையில் கொஞ்சம் ஐஸ் கேட்டு வாங்குங்கள், கேட்டால் கொடுப்பார்கள்.

நான்கு பேருக்கு முழு இறால் ஒரு கிலோ எடுத்தால், தலையும் ஓடும் போக ஏறத்தாழ அரைக் கிலோ சதை மிஞ்சும். மகன் சாப்பிடாதவரை முக்கால் கிலோவே தாராளம். அரிசி இரண்டு சுண்டு. வீட்டுக்குள் வந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னரே அரிசியைக் களைந்து ஊறப் போட்டுவிடுங்கள். நீங்கள் கேட்ட சிவப்பரிசி இதற்கு நன்றாகவே பொருந்தும், ஓட்டுச்சாற்றின் வாசத்துக்குச் சிவப்புப் பச்சையரிசியே என் தெரிவும்கூட. ஆனால் தவிடு போகாத கைக்குத்தரிசி என்றால் முக்கால் மணி நேரத்துக்குள் அடங்காது. அதை விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மில்லில் தீட்டிய சிவப்புப் பச்சையரிசி இருபது நிமிடம் ஊறினால் ஒரு சுண்டுக்கு இரண்டு சுண்டு சாறு எடுக்கும், வெள்ளைப் பச்சையரிசிக்கு ஒன்றரைச் சுண்டு போதும். இரணைமடுக் குளத்தின் கீழ்க் காலபோக நெல் வெட்டிய கையோடு குற்றிய புது அரிசி வீட்டில் இருந்தால் இந்த அளவிலும் கால் சுண்டு குறைக்க வேண்டும். புது அரிசி நீரைக் குறைவாகவே குடிக்கும், சீக்கிரம் குழையும்.

உரித்த இறாலில் அரைத் தேக்கரண்டி உப்பும் கால் தேக்கரண்டி மஞ்சளும் பிரட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வெடுக்குப் போக வேண்டும் என்று இந்த நேரத்தில் தேசிக்காய் பிழிவது நம்மிடையே ஒரு பழக்கம், அது கூடாது. புளிப்பில் ஊறிய சதை அடுப்பு ஏறும் முன்னரே இறுகத் தொடங்கிவிடும். தேசிக்காய்க்கு இடம் கடைசியில் இருக்கிறது.

இப்போது தாச்சியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, தலைகளையும் ஓடுகளையும் போட்டு மூன்று நான்கு நிமிடம் கிளறுங்கள். அவை செந்நிறமாவதைக் காண்பீர்கள்: பச்சை இறாலில் ஒரு புரதம் பிடித்து வைத்திருக்கும் அஸ்டாக்சாந்தின் என்ற நிறப்பொருள், சூட்டில் அந்தப் பிடி தளர்ந்து வெளிப்படுவதே இது. அந்த நிறப்பொருள் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். எனவே ஓட்டை நேரே தண்ணீரில் போட்டால் சாறு வெளிறியிருக்கும். முதலில் எண்ணெயில் வதக்கினால் செம்மண் நிறத்தில் இறங்கும். பிறகு ஐந்தரைச் சுண்டு தண்ணீர், ஒரு ஈர்க்குக் கறிவேப்பிலை, ஒரு துண்டு றம்பை, தட்டிய மிளகு நாலைந்து சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, தலைகளை அகப்பையால் நன்றாக நசித்து வடித்துவிடுங்கள். வடியில் ஓட்டுத் துகள் தங்காவிட்டால் மெல்லிய துணியில் மறுபடி வடியுங்கள். அரைமணி, ஒரு மணி என்று கொதிக்க வைத்தால் சாறு கசக்கும். வடித்த சாற்றில் அரிசிக்கு உரிய அளவையும் உப்பையும் றைஸ் குக்கரில் சேர்த்து மூடுங்கள். மிஞ்சும் சாறு கறிக்கு.

றைஸ் குக்கரின் பொத்தான் மேலே துள்ளியதும் திறந்துவிடாமல் பத்து நிமிடம் விடுங்கள். அந்தப் பத்து நிமிடம்தான் இறாலுக்கு உரியது. அகலமான தாச்சியை நன்றாகச் சூடாக்கி எண்ணெய் விட்டு, ஈரம் ஒற்றி எடுத்த இறாலை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, ஒரு பக்கம் ஒரு நிமிடம், மறுபக்கம் அரை நிமிடம் வைத்து உடனே தட்டுக்கு எடுத்துவிடுங்கள். அரைக் கிலோவையும் ஒரே தரத்தில் கொட்டினால் தாச்சி ஆறி, இறால் தன் தண்ணீரிலேயே அவியத் தொடங்கும். இரண்டு தரமாகப் போட்டால் இரண்டு நிமிடம்தான் கூடும். இறால் பிறை வடிவில் வளைந்திருந்தால் பதம், தலையும் வாலும் முட்டி வட்டமாகிவிட்டால் பதம் கடந்துவிட்டது. பதத்தை அறிய இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது. மணிக்கூடுகூட இறாலின் அளவைப் பொறுத்துப் பிழைக்கும்.

அதே தாச்சியில் சிறிதாக வெட்டிய வெங்காயம், இரண்டு பச்சைமிளகாய், நசித்த உள்ளி, இஞ்சி, கறிவேப்பிலை ஆகியவற்றை வதக்கி, நெருப்பைக் குறைத்துவிட்டு ஒன்றரைத் தேக்கரண்டி கறித்தூள் போடுங்கள். நமது தூள் ஏற்கனவே வறுத்து இடித்தது. எரியும் எண்ணெயில் பட்டால் அரை நிமிடத்தில் கருகிக் கசந்துவிடும். மிஞ்சிய ஓட்டுச்சாற்றையும் அரைக் கோப்பை இரண்டாம் பாலையும் விட்டு, குழம்பு அகப்பையில் ஒட்டும் அளவுக்கு வற்றவிடுங்கள். முற்றத்தில் முருங்கை நின்றால் ஒரு கைப்பிடி இலையை இந்தக் கட்டத்தில் உருவிப் போடலாம். இறாலும் முருங்கையிலையும் சேரும்போது வரும் வாசத்துக்கு ஈடாகக் கடையில் வாங்கும் எந்தச் சரக்கையும் நான் சொல்லமாட்டேன். கடைசியில் கால் கோப்பை முதற்பால், ஒரு கொதி எழும்பும்போதே இறால், இன்னும் ஒரு நிமிடம், அவ்வளவுதான். இறக்கிய பின் தேசிக்காய் பிழியுங்கள். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் பால் திரைந்துவிடும். சோற்றோடு பிரட்டிப் பரிமாறுவதா, பக்கத்தில் வைப்பதா என்பது உங்கள் வீட்டார் விருப்பம். சிவப்பரிசிச் சோற்றைப் பிரட்டினால் உடையும் என்பதால் நான் பக்கத்தில்தான் வைப்பேன்.

கடையில் வாங்கும் உறைந்த இறால் என்றால், பையோடு குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தி இளகவிடுங்கள். வெளியே மேசையில் வைத்து இளகவிட வேண்டாம். உரித்து விற்கும் இறாலில் தலையும் ஓடும் இராது, எனவே சோறு வெறுஞ்சோறாகத்தான் இருக்கும். கப்பிப்பாலில் றம்பை போட்டு அவித்தால் அந்தக் குறை ஓரளவு மறையும்.

இரவில் பிட்டும் இடியப்பமும் உண்டு பழகிய நம் வீடுகளில், மத்தியானச் சோறு மிஞ்சியிருந்தால் அதிலேயே இறாலைப் பிரட்டிவிடலாமே என்றும் உங்களுக்குத் தோன்றக்கூடும். காலையில் அவித்த சோறு வன்னி வெயிலில் மாலை வரை மூடிக் கிடந்திருந்தால் அதைச் செய்யாதீர்கள். அரிசியில் இருக்கும் பசிலஸ் சீரியஸ் என்ற பற்றீரியாவின் வித்திகள் அவித்தாலும் சாவதில்லை. வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகி அவை உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. இன்று சமைக்கும் சோறும் மிஞ்சினால் ஒரு மணி நேரத்துக்குள் தட்டில் பரப்பி ஆறவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், மறுநாள் மத்தியானத்தோடு முடியுங்கள். கரண்ட் நெடுநேரம் நின்ற இரவாக இருந்தால் அந்த மிச்சத்தை எறிந்துவிடுவதே நல்லது. ஓட்டுச்சாற்றில் அவிந்த சோற்றில் தண்ணீர் ஊற்றிப் பழஞ்சோறாக்கவும் வேண்டாம். அதற்கு மகனுக்காக வேறு சட்டியில் வைத்த வெறுஞ்சோற்றில் மிஞ்சியதை எடுத்துக்கொள்ளலாம்.