அண்ணன் கடலில், அக்கா மகன் துபாயில்: சம்மனை எப்படிச் சேர்ப்பது?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பாவின் தென்னந்தோப்பில் என் பாகத்தைப் பிரித்துத் தரக் கோரி ராமநாதபுரம் கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறேன். அண்ணன் விசைப்படகில் போகிறவர். அக்காவும் மச்சானும் தவறிவிட்டதால் அவர்களுடைய இரண்டு மகன்களையும் பிரதிவாதியாகச் சேர்த்தோம். ஒருவர் துபாயில், இன்னொருவர் ராணுவத்தில். அண்ணனுக்குப் போன சம்மன் 'ஆள் இல்லை' என்று திரும்பிவிட்டது. பேப்பரில் விளம்பரம் கொடுத்து முடித்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். செய்யலாமா? வழக்கு தள்ளுபடி ஆகிவிடுமா?"

முதலில் தள்ளுபடி பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குத்தான் அவகாசம் குறைவு. சம்மன் சேராமல் திரும்பியதாகக் கோர்ட்டுக்கு அறிக்கை வந்த நாளிலிருந்து 7 நாளுக்குள் புது சம்மனுக்கு மனுப் போட வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 9-வது கட்டளை 5-வது விதி இது. போடாவிட்டால் அந்தப் பிரதிவாதி மீதான வழக்கு தள்ளுபடியாகும். ஒருவர் மீதுதானே என்று விட்டுவிடாதீர்கள். பாகப்பிரிவினையில் பங்குதாரர் அத்தனை பேரும் வழக்கில் இருந்தாக வேண்டும். அண்ணன் இல்லாத பாகவழக்கு நிற்காது. ஆள் தட்டிக்கழிக்கிறார், அல்லது தேடியும் இருப்பிடம் தெரியவில்லை என்றால், அதே 7 நாளுக்குள் காரணத்தைச் சொல்லி அவகாசம் கேட்கலாம். பேட்டா (சம்மன் அனுப்பக் கோர்ட்டில் கட்டும் கட்டணம்) கட்டாததால் சம்மனே போகவில்லை என்றாலும் தள்ளுபடிக்கு இடமுண்டு. அதனால் வக்கீல் குமாஸ்தாவிடம் "பேட்டா கட்டியாச்சா?" என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, அண்ணன் விஷயம். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போய் மறுநாள் காலையில் கரை திரும்புவதுதான் வழக்கம். சம்மன் கொண்டுவரும் கோர்ட் ஊழியரான அமீனா புதன்கிழமை மதியம் வந்து கதவைத் தட்டினால் ஆள் எப்படி இருப்பார்? செவ்வாய், வியாழன் மதியமோ வெள்ளிக்கிழமையோ வந்தால் வீட்டில் இருப்பார் என்பதைப் புது மனுவோடு தெரியப்படுத்துங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் அவர் கரையில்தான் இருப்பார். ஆனால் மே மாதம் சிவில் கோர்ட்டுக்கு விடுமுறை. ஏப்ரல் பின்பாதியையும் ஜூன் முன்பாதியையும் விட்டுவிடக் கூடாது.

அண்ணியிடம் கொடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். பிரதிவாதி வீட்டில் இல்லை, நியாயமான காலத்துக்குள் வரும் வாய்ப்பும் இல்லை, சம்மனை வாங்க அதிகாரம் பெற்ற ஏஜெண்டும் இல்லை என்றால்தான், அவரோடு குடியிருக்கும் வயதுவந்த குடும்பத்தாரிடம் கொடுக்கலாம் என்கிறது 5-வது கட்டளை 15-வது விதி. விடிந்தால் கரைக்கு வரப்போகிறவருக்கு இது பொருந்துமா என்று எதிர்த்தரப்பு வக்கீல் நாளைக்குக் கேட்பார். அதனால் அண்ணன் கையிலேயே கொடுக்கப் பாருங்கள். அவர் வாங்க மறுத்தால் வெளிக்கதவில் ஒட்டலாம். ஒட்டினால் வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டியது என்பதெல்லாம் பெயர், விலாசத்தோடு அமீனாவின் அறிக்கையில் வர வேண்டும். அது இல்லாத ஒட்டல் குறுக்கு விசாரணையில் தாங்காது. கதவு எண்ணை மட்டும் நம்பாமல் தகப்பனார் பெயர், தெரு, பக்கத்தில் உள்ள கோயிலோ சர்ச்சோ வரை விலாசத்தில் எழுதிக் கொடுங்கள்.

கூடவே ஒப்புதல் அட்டையோடு பதிவுத் தபாலும் (2025 முதல் இது ஸ்பீட் போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது) அனுப்பச் சொல்லுங்கள். சரியான விலாசத்துக்கு முறையாக அனுப்பிய தபாலின் அட்டை 30 நாளாகியும் திரும்பி வரவில்லை என்றால், சம்மன் சேர்ந்துவிட்டதாகவே கோர்ட் அறிவிக்கலாம். சம்மனை நீங்களே வாங்கிப்போய்க் கொடுக்கவும் அதே 5-வது கட்டளையின் 9-A விதியில் வழி இருக்கிறது. பாகத்தகராறில் உடன்பிறந்தவர் வாசலுக்கு அதைக் கொண்டுபோக வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

இப்போது பேப்பர் விளம்பரம். பிரதிவாதி வேண்டுமென்றே ஒளிகிறார், அல்லது வழக்கமான வழியில் சேர்க்கவே முடியாது என்று கோர்ட் நம்பினால்தான் 20-வது விதியில் அதற்கு அனுமதி கிடைக்கும். கிடைத்து, ஒருதலைப்பட்சத் தீர்ப்பும் வாங்கிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அதை ரத்து செய்யக் கோர 30 நாள்தான் கெடு. ஆனால் காலவரையறைச் சட்டத்தின் 123-வது இனம், அந்தக் கெடுவைப் பொறுத்தவரை விளம்பரத்தை முறையான சேர்ப்பாகவே எடுத்துக்கொள்வதில்லை. தீர்ப்பு தனக்குத் தெரிந்த நாளிலிருந்துதான் 30 நாள் என்று, சில வருடம் கழித்துக்கூட அண்ணன் வந்து நிற்க முடியும். தோப்பை அளந்து, கல் ஊன்றி, வேலியும் போட்ட பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டி வரும். கரையில் இருக்கும் மனிதருக்கு இந்தக் குறுக்குவழி வேண்டவே வேண்டாம்.

ராணுவத்தில் இருப்பவருக்கு வீட்டு விலாசத்தில் முயல வேண்டாம். 28-வது விதிப்படி அவருடைய படைப்பிரிவின் கட்டளை அதிகாரி வழியாக அனுப்பக் கேளுங்கள். எந்தப் பிரிவு என்பது தெரிந்திருந்தால் போதும்.

துபாய்க்காரர் விஷயத்தில்தான் நாள் பிடிக்கும். ஊரில் இருக்கும் அவர் மனைவியிடம் கொடுத்தால், 'அவரோடு குடியிருக்கும்' என்ற சொல்லில் சிக்கல் வரலாம். தோப்பு விவகாரத்தைக் கவனிக்க யாருக்காவது அவர் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். சம்மன் வாங்கும் அதிகாரம் அதில் இருந்தால் வேலை இங்கேயே முடிந்துவிடும். இல்லையென்றால் 25-வது விதிப்படி அவர் குடியிருக்கும் விலாசத்துக்குத் தபாலிலோ கூரியரிலோ மின்னஞ்சலிலோ அனுப்பக் கேட்கலாம். மத்திய சட்ட அமைச்சகம் வழியாகப் போக வேண்டி வந்தால் மாதக்கணக்கில் ஆகும். அதனால் அண்ணனுக்குச் சேரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் இந்த வாய்தாவிலேயே அதற்கான மனுவையும் போட்டுவிடுங்கள்.

மூவருக்கும் எந்தெந்தத் தேதியில் சேர்ந்தது என்று தனித்தனியாகக் குறித்து வையுங்கள். பதிலுரை போட ஒவ்வொருவருக்கும் தனக்குச் சேர்ந்த நாளிலிருந்து 30 நாள், கோர்ட் அனுமதித்தால் 90 நாள் வரை.