பொன்னியின் செல்வன் படங்களில் கதை சொன்ன விதமும் காட்சிகளும் உங்களுக்குப் பிடித்திருந்தனவா?

பாதி பிடித்தது, பாதி ஏமாற்றம். படங்களுக்கு மூலமான கல்கியின் நாவலை, ஐந்து பாகங்களையும் திரும்பத் திரும்பப் படித்தவன் நான். 2022 செப்டம்பரில் முதல் படத்தையும் 2023 ஏப்ரலில் இரண்டாவதையும் தியேட்டரில்தான் பார்த்தேன். முகங்களைக் காட்டியே சொல்லிவிடக்கூடிய இடங்களில் மணிரத்னம் ஜெயித்திருக்கிறார். நிதானமாக விளக்க வேண்டிய இடங்களில் கதை ஓட்டமாய் ஓடிவிடுகிறது.

கடம்பூர் மாளிகைக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய காதலி நந்தினி தன்னைக் கொல்லத்தான் வரவழைத்திருக்கிறாள் என்று தெரிந்தேதான் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் வருகிறான். அரையிருட்டு, மங்கலான வெளிச்சம், விக்ரமும் ஐஸ்வர்யா ராயும் மட்டும். ரவிவர்மனின் கேமரா அந்த முகங்களை விட்டு நகர மனமில்லாமல் நிற்கிறது. கோபம், ஆசை, சலிப்பு மூன்றும் விக்ரமின் கண்ணில் மாறி மாறி வந்து போகின்றன. இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் இருவரின் இளமைக் காதலை அதிகம் வசனம் இல்லாமல் காட்டியிருந்தார்களே, அதன் பலன் இங்கே கிடைக்கிறது. கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி மர்மமாகவே விட்டிருப்பார். சோழர் காலத்து உடையார்குடிக் கல்வெட்டு, கொலையில் தொடர்புடையவர்களாக ரவிதாசன், சோமன், பரமேஸ்வரன் ஆகியோரின் பெயர்களைச் சொல்கிறது. இந்தப் படத்தைப் பார்க்கும்போது அந்தக் கேள்வியே எனக்கு எழவில்லை. அந்தக் காதலுக்கு வேறு முடிவே கிடையாது என்று நம்பவைத்துவிட்டார்கள்.

அரசியல் கதை அப்படி அமையவில்லை. என் தங்கை நாவல் படித்ததில்லை. இடைவேளையில் அவள் கேட்டது ஒன்றுதான்: "மதுராந்தகனுக்குப் பட்டத்தில் என்ன உரிமை?" நியாயமான கேள்வி. சோழ மன்னர் கண்டராதித்தர் இறந்தபோது அவர் மகன் மதுராந்தகன் சிறு பிள்ளை. அதனால் தம்பி அரிஞ்சயருக்கும் பிறகு அவர் மகனும் கரிகாலனின் அப்பாவுமான சுந்தர சோழருக்கும் அரியணை போனது. மதுராந்தகனை அரியணையில் ஏற்ற நடக்கும் மொத்தச் சதியும் இதன் மேல்தான் நிற்கிறது. படத்தில் இது போகிற போக்கில் வரும் வசனமாக முடிந்துவிட்டது. நாவலில் ஒவ்வொரு ரகசியத்தையும் கரிகாலனின் தூதன் வந்தியத்தேவன் தெரிந்துகொள்ளும்போது நாமும் தெரிந்துகொள்வோம், அதனால் குழப்பம் வராது. படத்தில் வந்தியத்தேவனாகக் கார்த்தி அவ்வளவு நன்றாக நடித்தும், அவரோடு கூடவே நடக்க நமக்கு நேரம் தரவில்லை.

இத்தனைக்கும் அவர்களால் முடியாத காரியமில்லை. சிற்றரசர்கள் கூடிப் பேசும் இடத்தில் கரிகாலனின் தங்கை குந்தவை நுழைந்து, தம்பிக்கும் அண்ணனுக்கும் பெண் தேடும் பேச்சை எடுத்ததும் அத்தனை பேரின் ஒற்றுமையும் கலைந்துபோகிறதே, அந்த ஒரு காட்சியில் அரசியல் முழுக்கப் புரிகிறது. த்ரிஷா குரலை உயர்த்தவே இல்லை. இப்படி இன்னும் நாலு காட்சி இருந்திருக்கலாம்.

ஒளிப்பதிவுக்கு முதல் பாகம் தேசிய விருது வாங்கியது, முழுக்கத் தகும். ஆனால் அரண்மனைகள் எனக்கு ஒட்டவில்லை. சில பகுதிகளை மத்தியப் பிரதேசத்தில் ஓர்ச்சா, குவாலியர் பக்கம் எடுத்தார்கள். ஓர்ச்சாக் கோட்டை புந்தேலா அரசர்கள் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் எழுப்பியது. சோழர் அரண்மனை எதுவும் இன்று முழுதாக நிற்கவில்லை, கங்கைகொண்ட சோழபுரம் மாளிகைமேட்டில்கூடச் செங்கல் அடித்தளம்தான் மிச்சம். அவர்களின் சிரமம் புரிகிறது. இருந்தாலும் அந்த வளைவுகளையும் மாடங்களையும் பார்த்தால் தஞ்சாவூர் நினைவுக்கு வரவே மாட்டேன் என்கிறது. காவிரிக் கரையும் ஏரியும் வரும் 'பொன்னி நதி' பாட்டில்தான் நம் ஊர் தெரிந்தது.

அப்புறம் இரண்டாம் பாகத்தின் கடைசிப் போர். நாவலில் அப்படி ஒன்று இல்லை. கரிகாலன் இறந்த துக்கத்தில் இருக்கும் நம்மை இழுத்துக்கொண்டுபோய் ராஷ்டிரகூடர்களோடு மோதவிட வேண்டிய அவசியம் என்ன? அந்த நேரத்தை, கரிகாலனின் தம்பி அருள்மொழி மகுடத்தை விட்டுக்கொடுக்கும் முடிவுக்கு எப்படி வருகிறான் என்பதற்குக் கொடுத்திருந்தால், ஜெயம் ரவிக்கும் நடிக்க நல்ல தீனி கிடைத்திருக்கும்.