என்ஜினும் மோட்டாரும் ஒன்றல்ல

வணக்கம். ஹைப்ரிட் கார் கையேட்டைத் தமிழாக்கும்போது என்ஜின், மோட்டார் இரண்டையுமே 'இயந்திரம்' என்று எழுதியதால் வாசகர்கள் குழம்புவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அவர்கள் குழப்பம் நியாயமானது. அந்தக் காரில் இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன. பெட்ரோலை உள்ளே எரித்து ஓடுவது என்ஜின். பேட்டரியின் மின்சாரத்தில் சுழல்வது மோட்டார். வேகத்தைக் குறைக்கும்போது அதே மோட்டார் மின்னாக்கியாகச் செயல்பட்டுப் பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிறது! 'இயந்திரம்' தையல் இயந்திரத்துக்கும் பொருந்தும் சொல். இங்கே அது எதையும் பிரித்துக் காட்டாது. நான் 'என்ஜின்', 'மின்மோட்டார்' என்றே எழுதுவேன். மோட்டார் சைக்கிளை மட்டும் தொடாதீர்கள். பெட்ரோல் வண்டியானாலும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஆக்ஸிலரேட்டருக்கு 'முடுக்கி' நல்ல சொல், வைத்துக்கொள்ளுங்கள். கிளட்ச் கிளட்ச்சாகவே இருக்கட்டும்.